அறுக்கக் கொடுக்காத வயிறு

என் மகளைப் பெண் பார்க்க ராசிபுரத்துப் பக்கமிருந்து வந்த சனம் அவளை அரைப்பார்வைதான் பார்த்தது. மாப்பிள்ளையின் தாய் முன்கூடமான ஆசாரத்தில் சமுக்காளத்தின்மேல் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, காப்பித் தட்டோடு வந்த என்னையே பார்த்தாள். மேலிருந்து கீழே ஒரு தரம், கீழிருந்து மேலே ஒரு தரம். சந்தையில் மாடு பிடிக்கிறவன்கூட அவ்வளவு நிதானமாகப் பார்க்கமாட்டான்.

“கண்ணாலத்தப்ப நீங்களும் இந்தப் புள்ளையாட்டத்தான் இருந்தீங்களாக்கும்?” என்று கேட்டாள்.

“இவளைவிட ஒல்லிங்க. என்ற இடுப்பு ரெண்டு கைக்குள்ள அடங்கிரும்,” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். உண்மையும் அதுதான்.

அவள் காப்பியைப் பாதியில் கீழே வைத்துவிட்டாள். மகளுடைய காரியத்தை நானே வாயால் கெடுத்தேன் என்று பின்னால் எங்கள் வீட்டில் சொன்னார்கள். பிறந்ததிலிருந்தே நான் இப்படித்தான் என்று பொய் சொல்லியிருக்க வேண்டுமாம்.

நாலு நாள் கழித்து என் வீட்டுக்காரரின் அக்கா வந்தாள். எங்கள் பக்கம் அந்த முறைக்கு நங்கையா என்போம். அந்த இடத்தைக் கொண்டுவந்தவளும் அவள்தான். வீட்டுக்குள் வந்து சொல்லியிருக்கலாம். நான் கோழிக் கொட்டாயில் முட்டை பொறுக்குகிற பெண்களோடு நின்றிருந்தேன் என்று தெரிந்து நேரே அங்கே வந்தாள்.

“புள்ள மூக்கும் முழியுமா நல்லாத்தான் இருக்குதாம் அம்மணி. தாய்க்காரியப் பாத்தாத்தான் பயமா இருக்குதாம். பத்து வருசம் போனா இந்தப் புள்ளையும் நம்மூட்டு வாசக்கதவுல நொழையாதேன்னு கேக்கறாங்க.”

முட்டை பொறுக்குகிறவர்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். மறுநாளிலிருந்து அவளை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நங்கையாளை அப்படிச் சொல்ல முடியாதே.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன், அவசரம் ஒன்றும் இல்லை. நான் எப்படிப் பெருத்தேன் என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். எழுபதுகளில் நாமக்கல் பக்கம் கடலைக்காட்டை நம்பியிருந்த பல குடும்பங்கள் கோழிக்கு மாறின. எங்கள் குடும்பமும் மாறியது. பண்ணை வைத்த வீட்டில் கீறல் விட்ட முட்டைக்குப் பஞ்சம் இருக்காது. வியாபாரி அதை எடுக்கமாட்டான். தினமும் ஒரு குண்டா நிறையச் சமையல்கட்டுக்கு வந்துவிடும். வீட்டில் எல்லோருக்கும் முட்டை சலித்துப்போயிற்று. எனக்குச் சலிக்கவில்லை. மிளகு போட்டு வறுத்தால் ஒரு ருசி, தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தால் வேறு ருசி. தின்றேன். ரெண்டாவது பிரசவத்துக்குப் பிறகு பண்ணிக்கொண்ட குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேசனால்தான் ஊதிப்போனாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அப்படிப் பேசினால் எனக்கு மரியாதையாக இருந்ததால் நானும் மறுக்கவில்லை. ஆனால் முட்டைதான் காரணம் என்று எனக்குத் தெரியும்.

மகன் அப்போது ஆஸ்டலில் இருந்து படித்தான். அவனுக்கு இதில் வேலை இல்லை. மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். சம்பளக்கார மாப்பிள்ளை வேண்டும், டவுனில் குடியிருக்க வேண்டும் என்று ஆசை அவளுக்கு. தப்பு ஒன்றும் இல்லை. அந்த ஆசைக்கும் அவளுக்கும் நடுவில் நான் நின்றிருந்தேன். நான் நின்றால் இடமும் கொஞ்சம் அதிகமாகத்தான் பிடிக்கும்.

ராசிபுரத்துக்காரர்கள் வேண்டாம் என்ற செய்தி வந்த அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் தீவனக் கிடங்குக்கு என்னைக் கூப்பிட்டார். அங்கே எழுபத்தைந்து கிலோ மூட்டை நிறுக்கிற தராசு இருந்தது.

“ஏறு புள்ள,” என்றார்.

“எதுக்குங்க?”

“ஏறுன்னா ஏறு. தெரிஞ்சாத்தான ஒரு வழி பண்ணலாம்.”

மூட்டை தூக்குகிற ஆட்கள் ரெண்டு பேர் அங்கேயே பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் போகச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் கெட்டவர் இல்லை. வாரா வாரம் நாலு கோழியைப் பிடித்து நிறுத்துப் பார்த்துத் தீவனத்தைக் கூட்டிக் குறைத்துப் பழகியவர். நான் ஏறினேன். படிக்கல்லை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

“ஒண்ணரை மூட்டைக்குக் கொஞ்சம் கொறையுது,” என்றார்.

“தராசு முறியலையே, அதப் பாரு,” என்றாள் நங்கையா கதவோரமாக நின்றுகொண்டு.

அவள் ஏற்கெனவே ஒரு வழி வைத்திருந்தாள். அவளுடைய மருமகன் டாக்டர். வெளிநாட்டில் சில வருசம் இருந்துவிட்டு வந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். அங்கே குண்டானவர்களுக்கு வயிற்றை அறுத்து, குடலில் பாதிக்குமேல் வேலை செய்யாதபடி விலக்கிவிட்டு, மேல் குடலைக் கீழ் குடலோடு தைத்துவிடுகிறார்களாம். அப்புறம் என்ன தின்றாலும் உடம்பில் ஒட்டாதாம். மூன்று மாதத்திலேயே ஆள் அடையாளம் மாறிவிடுமாம்.

“தின்னுக்கிட்டே எளைக்கலாம் அம்மணி. உனக்குன்னே கண்டுபிடிச்ச மாதிரி இருக்குது,” என்றாள்.

அந்த டாக்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தபோது நானும் வீட்டுக்காரரும் போய்ப் பார்த்தோம். நல்ல மனுசன். மாமியார் விட்டுவிட்டதையெல்லாம் அவர் சொன்னார். பேதி நிற்காமல் போகும், சத்தெல்லாம் இறங்கும், சிலருக்கு ஈரல் கெடும், கல் வரும், மூட்டு வலிக்கும். வெளிநாட்டிலேயே இப்போது இதைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள் என்றார். இல்லாவிட்டால் சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தினமும் காட்டைச் சுற்றி நடந்து, ஒன்றரை ரெண்டு வருசத்தில் மெல்ல மெல்ல இளைக்கலாம். அதுதான் நல்லது என்றார்.

“ரெண்டு வருசமா? ஆவணியில இன்னொரு எடம் வருது,” என்றாள் நங்கையா.

“நான் பண்ணச் சொல்லலீங்க அத்தை. அவங்க வயிறு, அவங்கதான் முடிவு பண்ணணும்,” என்றார் டாக்டர். அப்புறம் என்னைப் பார்த்து, “சேலம் அம்மாபேட்டையில ஒரு அம்மா பண்ணிக்கிட்டாங்க. கேட்டா மறைக்காம சொல்லுவாங்க. ஒருதரம் பார்த்துட்டு வந்துருங்க,” என்றார்.

மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மூன்று பேர் உட்காருகிற சீட்டில் நாங்கள் ரெண்டு பேர். கண்டக்டர் ஒரு தரம் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனான். மகள் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

அம்மாபேட்டையில் அந்த அம்மாவுடையது ஜவுளி வியாபாரம் பண்ணுகிற வீடு. பக்கத்து வீடுகளில் தறிச் சத்தம் ஓயவில்லை. அந்த அம்மாவின் புடவைக்கட்டு அழகாக இருந்தது. நல்ல பட்டு, நெருக்கமான மடிப்பு. முகத்தைப் பார்த்தால் கன்னம் ரெண்டும் காலிப் பைபோலத் தொங்கிற்று. கையைத் தூக்கிக் கும்பிட்டபோது முழங்கைக்கு மேலே இருந்த தோல் தனியாக ஆடியது.

“வாங்க, உட்காருங்க. நீங்கதான் அறுத்துக்கப் போறவங்களா?” என்று சிரித்தாள். “நான் இருந்ததுக்கு நீங்க பாதிதான். என்னைத் தூக்கி உட்கார வைக்கவே ஆள் வேணும்.”

“இப்ப எப்படி இருக்குதுங்கம்மா?”

“எப்படி இருக்கு? ரவிக்கை எல்லாம் புதுசா தைச்சேன். படி ஏறுறேன், மூச்சு வாங்கல. நல்லதைச் சொல்லணும்னா அது நல்லது.” சொல்லிக்கொண்டே எழுந்தாள். “இருங்க, வந்துர்றேன்.”

கொல்லைப்புறம் போய் வெகுநேரம் கழித்து வந்தாள். நாங்கள் இருந்த நேரத்துக்குள் மறுபடியும் இருமுறை அப்படிப் போனாள். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி கொல்லைக் கதவுக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தது. அவளுடைய உலகம் அந்த நாற்காலிக்கும் கொல்லைக்கும் நடுவில்தான் என்று புரிந்தது.

“ஒரு வாய் உள்ள போனா ஓடணும். வெளியூர் போறதில்ல, பஸ்ஸுல ஏறுறதில்ல. கோயிலுக்குப் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. என் பொண்ணுக்கு நல்ல இடம் அமைஞ்சுது. கல்யாணம் மண்டபத்துல. நான் போகல.”

“பெத்த தாய் போகலீங்களா?” என்றேன்.

“தாலி கட்டுற நேரத்துல ஓடுனா நல்லாவா இருக்கும்? சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க? எங்க ஓரகத்திதான் என் இடத்துல நின்னா. போட்டோவுல பார்த்துக்கிட்டேன்.” பிறகு என் மகளைப் பார்த்தாள். “உனக்காகத்தான் அறுத்துக்குறாங்களா உங்கம்மா?”

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“கேட்டா பதில் சொல்லு பொண்ணே. என் பொண்ணும் இப்படித்தான் தரையைப் பார்த்தா. வேணாம்னு ஒரு வார்த்தை வரல.” அந்த அம்மா மறுபடியும் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தோம். பஸ் மல்லூர் தாண்டியது. நான்தான் கேட்டேன்.

“என்ன கண்ணு, அந்தம்மாளப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“என்ன பண்ணலாங்கற?”

அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்: “பண்ணிக்கோம்மா. அவங்க பொண்ணுக்கு நல்ல எடம் அமைஞ்சுருச்சுல்ல?”

எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னாள். அந்த ஆடுகிற தோலையும் கொல்லைக் கதவையும் பார்த்துவிட்டு. தாயில்லாத கல்யாணத்தையும் காதால் கேட்டுவிட்டு. நான் அவளைத் திட்டவில்லை. பையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து, அவளுக்குக் கொடுக்காமல் நானே தின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோர் முன்னாலும், “நான் வயித்தை அறுக்கக் கொடுக்கமாட்டேன்,” என்று சொன்னேன். நங்கையாளுக்குக் கோபம் வந்தது. என் வீட்டுக்காரர் கோபப்படவில்லை, கேலி பண்ணினார்.

“அப்பறம் எப்படி எளைப்ப? வாயக் கட்ட முடியுமா உன்னால? கோழிகூட பட்டினி தாங்கும், நீ தாங்கமாட்ட.”

அவர் சும்மா சொல்லவில்லை. அந்த வைகாசியில் ஒரு கொட்டாய்க் கிழட்டுக் கோழிகளைப் பட்டினி போட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. முட்டை குறைந்துபோன கோழிகளுக்குச் சில நாள் தண்ணீரை மட்டும் வைத்துத் தீவனத்தை நிறுத்திவிடுவார்கள். கோழி இளைக்கும், இறகெல்லாம் கொட்டும், தாங்காதது சாகும். தாங்கிய கோழிகளுக்குப் பிறகு தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் புது இறகு முளைத்து மறுபடி முட்டை வைக்கும். பண்ணைக்காரர்கள் அறிந்த வழி அது.

“சரிங்க,” என்றேன். “உங்க கோழிக்கு என்னைக்கு நிறுத்தறீங்களோ அன்னைக்கு எனக்கும் நிறுத்திக்கறேன். அதுக்கு எப்ப வெக்கறீங்களோ அப்பத்தான் நானும் சாப்பிடுவேன்.”

“முடியாது புள்ள.”

“பாக்கலாமுங்க.”

டாக்டர் சொன்ன வழி இது இல்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவர் மெல்ல மெல்ல என்றார். ஆவணிக்கு ஆட்கள் வருகிற வீட்டில் எதை மெல்ல மெல்லச் செய்வது? கொட்டாயில் நடப்பதைத்தான் நாங்கள் தினமும் பார்த்தோம். கோழிக்குச் சரிப்பட்டது எனக்கும் சரிப்படும் என்று நானும் நினைத்தேன், அவரும் நினைத்தார்.

மோர்த்தண்ணீர், உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர், அவ்வளவுதான். சமையலை நிறுத்தவில்லை. எல்லோருக்கும் ஆக்கிப் போட்டேன். மிளகு போட்டு முட்டை வறுத்துக் கொடுத்தேன். மகள் என் எதிரில் உட்கார்ந்து தட்டை வழித்துச் சாப்பிட்டாள். ஒருநாளாவது “உனக்கு?” என்று கேட்கவில்லை. காலையில் வீட்டுக்காரர் கொட்டாயிலிருந்து வருவார். கையில் செத்த கோழி ரெண்டு மூன்று தலைகீழாகத் தொங்கும்.

“எப்படி இருக்கற?” என்பார்.

“உங்க கோழி எப்படீங்க?”

“செத்துட்டு இருக்குது.”

“நான் இன்னும் சாகலீங்க.”

அதோடு அவர் போய்விடுவார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் விசாரிப்பு.

தலை சீவினால் சீப்பு நிறைய முடி வந்தது. ஒருநாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவள் தொட்டி ஓரத்தில் விழுந்து கிடந்தேன். வேலைக்காரி தூக்கி உட்கார வைத்தாள். கோழிகளுக்குத் தீவனம் வைத்த அன்று என் வீட்டுக்காரர் வந்து, “கோழிக்கு வெச்சாச்சு புள்ள. நீயும் சாப்புடு,” என்றார். அவர் குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

“கோழி எளைச்சிருச்சு. நான் இன்னும் எளைக்கலீங்க,” என்று சொல்லிவிட்டு, ராகிக் கூழ் ஒரு டம்ளர் மட்டும் ஒருவேளைக்குக் குடித்துக்கொண்டு, ஆவணி வரைக்கும் அப்படியே ஓட்டினேன். அவருடைய கோழிகளைவிட நான் கெட்டி.

அந்த நாட்களில் ஒருதரம் மகள் என் பின்னால் வந்து ரவிக்கையின் கை ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். “தொளதொளன்னு ஆயிருச்சும்மா!” என்றாள். அவ்வளவு சந்தோசம் அவள் குரலில். வெகுகாலம் கழித்து அப்போதுதான் அவள் கை என்மேல் பட்டது. புதுசாக ரெண்டு ரவிக்கை தைக்கக் கொடுத்தாள்.

ஆவணியில் திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பேங்கில் வேலை. நான் புது ரவிக்கை போட்டுக்கொண்டு, சேலையை நெருக்கிக் கட்டிக்கொண்டு, இருந்த முடியை வாரிக் கொண்டை போட்டுக்கொண்டு நின்றேன். பாதிக்குப் பாதி இல்லாவிட்டாலும் நன்றாகவே இறங்கியிருந்தேன். மாப்பிள்ளையின் தாய் என்னைப் பார்த்தாள். முன்னே வந்தவள்போல மேலும் கீழும் பார்க்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்தாள். நங்கையாளைக் கிணற்றடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். சமையல்கட்டுச் சன்னலுக்கு எல்லாம் கேட்டது.

“ஏனுங்க, அந்தம்மாளுக்கு என்ன சீக்கு?”

“சீக்கெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. வாயக் கட்டி எளைச்சுது.”

“இத்தாப்பெரிய பண்ண ஊட்டுல வாயக் கட்டறாங்களாக்கும்? முடியெல்லாம் கொட்டிக் கெடக்குது, கண்ணு உள்ள போயிருச்சு. சக்கரையா, காச நோவா, சொல்லிப்போடுங்க. நாங்க ஒண்ணும் நெனச்சுக்கமாட்டோம்.”

“சாமி சத்தியமாங்க…”

“உங்க சத்தியம் எங்களுக்கு எதுக்குங்க. புள்ளைக்கும் அது தொத்தியிருக்குமா இல்லையாங்கறதுதான் பேச்சு.”

காப்பியைக்கூட அவர்கள் தொடவில்லை. நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்திருப்பார்கள்.

கார் போயிற்று. நங்கையாதான் முதலில் வாய் திறந்தாள். “அப்பவே அறுத்திருந்தா டாக்டரே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருப்பாரு, சீக்கில்லன்னு. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல.”

மகள் தூண் ஓரமாக நின்று என்னையே பார்த்தாள். அவள் கேட்கவில்லை. ஆனால் காத்திருந்தாள். நான் சரி என்று சொல்வேன் என்று அவளுக்கு நம்பிக்கை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் சமையல்கட்டுக்குள் போனேன். சோற்றைப் போட்டேன், முட்டைக் குழம்பை ஊற்றினேன், தட்டோடு ஆசாரத்துக்கே வந்து எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து பிசைந்தேன்.

“என்னம்மா பண்றே?” என்றாள் மகள்.

“பாத்தா தெரியல? சாப்பிடறேன்.”

“அப்ப எனக்கு?”

“உனக்கும் இருக்குது. போட்டுக்கோ.”

அவள் எதைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். நான் எதற்குப் பதில் சொன்னேன் என்று அவளுக்கும் தெரியும். அன்றைக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்தியவள் அதற்கப்புறம் என்னோடு நேராகப் பேசவில்லை. வேலைக்காரியிடம் சொல்லி அனுப்புவாள். நானும் வேலைக்காரியிடமே பதில் சொல்லி அனுப்பினேன். இடையில் இன்னும் ரெண்டு இடம் பேச்சளவில் வந்து நின்றுபோயிற்று. என் உடம்பு பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. முடியும் கொஞ்சம் முளைத்தது.

அப்புறம் என் அண்ணன் வந்தான். அவன் மகனுக்கு என் மகள் முறைப்பெண். பையன் ரிக் வண்டியோடு வடக்கே போய் ஆழ்குழாய்க் கிணறு போடுகிறவன். வருசத்தில் பாதி நாள் லாரியில்தான் படுக்கை. வந்தால் உடம்பெல்லாம் கிரீசும் மண்ணுமாக வருவான். அவனைத்தான் என் மகள் சின்ன வயசில் கிட்டக்கூட சேர்க்கமாட்டாள்.

என் வீட்டுக்காரர் முறையாக எல்லாவற்றையும் சொன்னார். ரெண்டு இடம் வேண்டாம் என்று போனதையும், எதனால் என்பதையும். அண்ணன் சிரித்தான்.

“எம் பொறந்தவ ஒடம்பப் பாத்து நான் பயப்படறதாங்க மாப்ள? எங்கம்மாளும் இப்படித்தான். எங்க சித்தியும் இப்படித்தான். இதுல புதுசா என்ன இருக்குது? தட்டத்த மாத்திக்கலாம்.”

மகள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அப்பன் போய்க் கேட்டதற்கு, “எனக்கு வேற வழி வெச்சிருக்கீங்களா?” என்று மட்டும் சொன்னாளாம். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கல்யாணத்தில் தாய்க்குரிய எல்லாச் சீரையும் நானே செய்தேன். முன்வரிசையில் நின்றேன். யாருக்கும் மறைத்துக்கொள்ளவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு போகக் கார் நின்றது. எல்லோரும் அழுதார்கள், நங்கையாகூட அழுதாள். மகள் அழவில்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு என் காதோரம் குனிந்தாள். ஒன்றரை வருசத்தில் அவள் என்னிடம் நேராகப் பேசியது அதுதான்.

“நீ பண்ணியிருந்தா நான் இந்தக் கார்ல ஏறியிருக்கமாட்டேன்.”

“நான் பண்ணியிருந்தா இன்னைக்கு இங்க நின்னிருக்கமாட்டேன்,” என்றேன்.

“நீ நிக்கோணும்னு யாரு கேட்டா?” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

இப்போது எனக்கு எண்பதை ஒட்டிய வயசு. நான் அறுக்கக் கொடுக்காத வயிறு என்னோடுதான் இருக்கிறது, வேளைக்குப் பசிக்கிறது, சோறு போட்டால் செரிக்கிறது. மகள் தீபாவளிக்கு வருவாள், பொங்கலுக்கு வருவாள். மூட்டு வலி, பேரன் படிப்பு, மழை என்று எல்லாம் பேசுவாள். வாசலில் யார் வந்தாலும் சாப்பிட்டீங்களா என்று கேட்கிற ஊர் இது. இத்தனை வருசத்தில் அவள் என்னை அந்த ஒரு வார்த்தை மட்டும் கேட்டதில்லை. நானும் அவள் கேட்கட்டும் என்று இலையைப் போட்டுக்கொண்டு காத்திருந்ததில்லை.